தலைக்குத் தாராளமாகக் கதிர் பாய்ச்சுவது எப்படி?

தம்பி, நாளைக் காலை ஷிப்டில் சி.டி. கன்சோல் முன்னால் நீ தனியாக உட்காரப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அந்த நாற்காலியில் 26 வருடம் உட்கார்ந்து எழுந்தவன் என்ற உரிமையில், மூளை ஸ்கேனுக்கு வருகிற தலைகளுக்குத் தேவைக்கு மேல் எப்படியெல்லாம் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று சொல்லிவைக்கிறேன். பாடப்புத்தகத்தில் இதெல்லாம் தலைகீழாக எழுதியிருக்கும். புத்தகம் கிடக்கட்டும், சென்டரில் நடப்பதைக் கேள்.

முதலில் தொழிலின் ஆதார விதி. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ரேடியாலஜிஸ்ட் போனில் கூப்பிட்டுக் காய்ச்சுவார். டோஸ் கூடிப்போனால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். கதிர்வீச்சுக்கு வாசனை கிடையாது, சத்தம் கிடையாது, சுடவும் சுடாது. அந்தக் கால எக்ஸ்ரே பிலிமாவது கொஞ்சம் கூடினால் கரிக்கட்டையாகி உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சி.டி.யில் அந்தத் தொல்லை இல்லை. டோஸ் ஏற ஏறப் படம் பட்டுத்துணி மாதிரி வழவழவென்று வரும். "பிரமாதம்ப்பா, யார் எடுத்தது?" என்று கேட்பார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் கூட்டு. வராவிட்டாலும் கூட்டு.

எவ்வளவு கூட்டுவது? இதில் இயற்பியலே உன் பக்கம் நிற்கிறது. முற்றத்தில் தூறல் விழுவதைப் பார்த்திருப்பாய். தரையில் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு. அடைமழை பிடித்தால்தான் தரை ஒரே சீராக நனையும். மண்டையைத் தாண்டி வரும் எக்ஸ்ரே துகள்களும் டிடெக்டர் மேல் இப்படித்தான் விழுகின்றன. படத்தில் தெரியும் புள்ளி, தூறல் போதாமல் வருவது. அதைப் பாதியாக்க டோஸை 2 மடங்காக்கினால் போதாது, 4 மடங்காக்க வேண்டும். கால்வாசியாக்க ஆசைப்பட்டால் 16 மடங்கு. அழகுக்கு எல்லையே இல்லை என்று கவிஞர்கள் சொல்வது இதைத்தானோ என்னவோ.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், டோஸைப் பாதியாகக் குறைத்தாலும் புள்ளி சுமார் 40 சதவீதம்தான் கூடும் என்று வரும். இதை வெளியே சொல்லாதே. தலையில் நீர் கோத்து, அதை வடிக்க ஷன்ட் குழாய் வைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தலைவலி வரும்போதெல்லாம் ஸ்கேனுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அங்கே டாக்டர் பார்ப்பதெல்லாம் மூளைக்குள் இருக்கும் நீர் அறை பெருத்திருக்கிறதா, குழாய் நுனி எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். வழக்கமான டோஸில் பாதிக்கும் குறைவாக எடுத்தாலும், கரகரப்பான அந்தப் படத்தில் அது தெரிந்துவிடும். எதற்காக ஸ்கேன் என்று சீட்டைப் படித்துவிட்டு டோஸை முடிவு செய்கிற கெட்ட பழக்கம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. நீ சீட்டைப் படிக்காதே. 'ஹெட்' என்று எழுதியிருக்கிறதா, 'ஹெட்' பொத்தானை அழுத்து.

யாராவது கேட்டால், மூளை மற்ற உறுப்பு மாதிரி இல்லை என்று சொல்லிவிடு. அது பொய்யும் இல்லை. தண்ணீரைப் பூஜ்யம், காற்றைக் கழித்தல் 1000 என்று வைத்து சி.டி.யைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்ட் போட்ட அளவுகோலில், மூளையின் சாம்பல் பகுதி 40க்குப் பக்கத்திலும் வெள்ளைப் பகுதி 30க்குப் பக்கத்திலும் நிற்கும். இடையில் இருப்பது வெறும் பத்துச் சொச்சம். பக்கவாதம் தாக்கிய முதல் சில மணி நேரத்தில் அந்தச் சின்ன வித்தியாசமும் அழிய ஆரம்பிக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. நுரையீரலை அரைகுறை வெளிச்சத்தில் பார்த்துவிடலாம், மூளையைப் பார்க்க முடியாது. அதனால்தான் பெரியவர் தலைக்கு 50, 60 மில்லிகிரே என்று கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த நியாயத்தை நன்றாக மனப்பாடம் செய்துகொள். இதை வைத்துக்கொண்டு 60ஐ 90 ஆக்குவதுதான் உன் சாமர்த்தியம்.

அந்த ஹவுன்ஸ்ஃபீல்டே 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் தலையை ஸ்கேன் எடுத்தபோது, படம் 80க்கு 80 கட்டம்தான் இருந்தது. மொத்தம் 6,400 சதுரம். நம் வீட்டுப் பெண்கள் போடுகிற குறுக்குத் தையலில் இதைவிட நுணுக்கமான கிளி இருக்கும். அதை வைத்தே அந்தப் பெண்மணியின் நெற்றிப் பக்கத்துக் கட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய கதை, உனக்கு வேண்டாம்.

இனி கைவேலைக்கு வருவோம். நோயாளியைப் படுக்க வைக்கும்போது தலைக்கான தாங்கியைத் தேடிக்கொண்டிருக்காதே. மெத்தை மேலேயே தலையை வைத்துவிடு. தலை நடுமையத்தில் இல்லாமல் இறங்கிக் கிடக்கும். எக்ஸ்ரே குழாய் கீழே இருக்கிற நிலையில் ஸ்கவுட் என்ற முன்னோட்டப் படம் எடுத்தால், தலை உள்ளதைவிடப் பெரிதாக விழும். கரண்டைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் எந்திரம் அதைப் பார்த்து, இந்த ஆளுக்கு மண்டைக்கனம் ஜாஸ்தி என்று நினைத்துக் கரண்டை ஏற்றிவிடும். நீ ஒரு பொத்தானையும் தொடவில்லை. பழி எந்திரத்துக்கு.

கண்ணை மறந்துவிடாதே, அதாவது மறந்துவிடு. தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறக்கச் சொன்னாலோ, எந்திரத்தின் வளையமான கேன்ட்ரியைச் சாய்த்தாலோ கண் நேர்க்கதிருக்கு வெளியே போய்விடும். அரை நிமிட வேலை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் வெளியே இன்னும் மூன்று பேர் வரிசையில் சேர்ந்துவிடுவார்கள். கண் லென்ஸில் புரை விழுவதற்கான வரம்பை சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2011இல் 0.5 கிரே என்று இறக்கிவிட்டது. லென்ஸ் நேர்க்கதிரில் மாட்டினால் ஒரு ஸ்கேனுக்கு ஏறக்குறைய 50 மில்லிகிரே. பத்து ஸ்கேன் எடுக்கிறவர்கள் யார் இருக்கிறார்கள் என்று கேட்பாய். மேலே சொன்ன ஷன்ட் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கீழ் எல்லையையும் தாராளமாக வை. உச்சியிலிருந்து மண்டையோட்டின் அடித்துளை வரை போதும். நீ தாடை வரை, முடிந்தால் கழுத்து வரை இழு. தைராய்டு என்று ஒன்று அங்கே இருக்கிறது, அதுவும் படத்தில் வந்ததாக இருக்கட்டும். இதை ஈடுகட்ட, நோயாளியின் வயிற்றின் மேல் ஈய ஏப்ரனை எடுத்துப் போர்த்து. தலை ஸ்கேனில் வயிற்றுக்குப் போவதே சொற்பம், போகிற சொற்பமும் உடம்புக்குள்ளேயே சிதறிப் போவது. ஏப்ரனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் சொந்தக்காரர்கள் கண்ணாடி வழியே பார்த்து, "நல்லா பாத்துக்கிறாங்க" என்று நிம்மதியாவார்கள்.

கொண்டை ஊசி, கம்மல், மூக்குத்தி, பல்செட் எதையும் கழற்றச் சொல்லாதே. உலோகத்திலிருந்து கதிர் கதிராகக் கோடு கிளம்பிப் படம் பாழாகும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி இன்னொரு தடவை எடுக்கலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஒன்று மட்டும் நினைவில் வை: காதுகளுக்கு உள்பக்கம் இருக்கும் கெட்டி எலும்புகளுக்கு நடுவே, மூளைத் தண்டுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை எப்போதும் விழும். எலும்பு கதிரின் மென்மையான பகுதியை உறிஞ்சிவிடுவதால் வருவது. டோஸைக் கூட்டினாலும் அது போகாது. அதற்காகக் கூட்டாமல் இருந்துவிடாதே, முயற்சி திருவினையாக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு சொந்த அனுபவம் சொல்கிறேன். நான் சேர்ந்த புதிதில் ஓர் இரவு, கட்டிலிலிருந்து விழுந்த இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தைக்குத் தனி புரோட்டோகால் எந்திரத்தில் இருந்தது. பட்டியலில் கீழே போய்த் தேட வேண்டும். பெரியவர்களுக்கான 'ஹெட்' மேலேயே இருந்தது. அழுத்திவிட்டேன். மெல்லிய மண்டை ஓடு, சின்னத் தலை. அதில் பெரியவர் தலைக்கான கரண்டு. படம் அப்படி வந்தது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். புதிதாக வருபவர்களுக்குக் காட்ட என்று எங்கள் சீனியர் அதில் ஒரு பிரதி போட்டு வைத்துக்கொண்டார். பையனின் அம்மா போகும்போது எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

அந்தப் பையனுக்கு ஸ்கேன் தேவைப்பட்டதா என்பது அடுத்த கேள்வி. அதை நீ கேட்கவே கூடாது. 2009இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. வட அமெரிக்காவில் தலையில் அடிபட்டு வந்த 42,412 பிள்ளைகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல் சி.டி. எடுத்திருந்தார்கள். கவலைப்படும்படியான மூளைக் காயம் இருந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தானா, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான், மண்டையில் உடைந்த அறிகுறி உண்டா, அம்மாவுக்குப் பழைய பிள்ளையாகத் தெரிகிறானா என்பது போல வயதுக்கேற்ற ஆறு கேள்வி கேட்டாலே, பெரும்பாலானவர்களை ஸ்கேன் இல்லாமல் கண்காணிப்பில் வைத்து அனுப்பலாம் என்று அதில் விதி வகுத்துக் கொடுத்தார்கள். டோஸைக் குறைப்பதில் இதைவிடப் பெரிய வித்தை எதுவும் இல்லை: எடுக்காத ஸ்கேனுக்கு டோஸ் பூஜ்யம். 2012இல் அதே இதழில் பிரிட்டனிலிருந்து இன்னொன்று வந்தது. பத்து வயதுக்குள் தலை ஸ்கேன் எடுத்த பத்தாயிரம் பேரில், அடுத்த பத்து வருடத்தில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்று, ஒரு மூளைக் கட்டி வரலாம் என்று கணக்கிட்டது. பத்தாயிரத்தில் ஒன்று என்றால் சின்ன எண்தான். தேவையே இல்லாத ஸ்கேனுக்கு அது சின்ன எண் இல்லை.

ஆனால் நம் ஊரில் ஸ்கேன் எழுதுவது டாக்டர் மட்டுமா? "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம் சார்" என்று மாமாவே எழுதிவிடுவார். "மருந்து போட்டும் ஒரு தடவை எடுத்துருங்களேன், வந்ததுதான் வந்தோம்" என்பார் அத்தை. நீ மறுக்காதே. அடிபட்டதற்கும் பக்கவாதச் சந்தேகத்துக்கும் முதலில் மருந்தில்லாத பிளெயின் போதும் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் நேரம் போகும். முன்னால் ஒன்று, மருந்துக்குப் பின்னால் ஒன்று, டோஸ் இரட்டிப்பு. அந்தப் பெரிய கவரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அங்கே கவரைப் பிரிக்காமலே, "எங்க மிஷின்ல எடுத்தாதான் சரியா வரும்" என்பார்கள். யாராவது கதிர்வீச்சு என்று இழுத்தால் சொல்வதற்கு ஒரு வசனம் இருக்கிறது. "மணவாளக்குறிச்சியில மண்ணே கதிர்வீச்சு விடுது. அங்க மனுஷன் வாழலையா?" இதை ஒரு ஸ்கேன் சென்டர் முதலாளி என்னிடமே சொல்லியிருக்கிறார்.

எந்திரம் மாறும்போது இன்னும் நல்ல வாய்ப்பு. ஜி.இ. எந்திரத்தில் தானியங்கிக் கரண்டுக்கு நீ கொடுக்கும் எண், எவ்வளவு புள்ளியைப் பொறுத்துக்கொள்வாய் என்பது. எண்ணைக் குறைத்தால் டோஸ் ஏறும். சீமென்ஸில் கொடுப்பது எவ்வளவு கரண்டுத் தரம் வேண்டும் என்பது. எண்ணைக் கூட்டினால் டோஸ் ஏறும். ஒன்றில் பழகிய கையோடு மற்றதற்குப் போய், யாரையும் கேட்காமல் எண்ணை மாற்று. மெல்லிய ஸ்லைஸ் மோகத்தையும் வளர்த்துக்கொள். 5 மில்லிமீட்டர் ஸ்லைஸ் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவு வழவழப்பு 0.625 மில்லிமீட்டரிலும் வேண்டும் என்று அடம் பிடித்தால், டோஸ் 8 மடங்கு போக வேண்டும். மெல்லியதாக எடுத்து, பார்க்கும்போது தடிமனாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு வழி உண்டு. அது சோம்பேறிகளுக்கு.

8 மடங்கு என்றதும் இந்தத் துறையின் பேர்போன கதை நினைவுக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனை. ஹாலிவுட் நட்சத்திரங்கள் போகிற இடம். அங்கே பக்கவாத நோயாளிகளுக்கு மூளையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன். தலையை அதே இடத்தில் வைத்து, உள்ளே போகும் அயோடின் மருந்து ஏறி இறங்குவதை முக்கால் நிமிடம்போல மறுபடி மறுபடி படமெடுப்பார்கள். ஒவ்வொரு படமும் தனித்தனியாக அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 80 கே.வி.யும் குறைந்த கரண்டும் போதும்; அந்தக் கே.வி.யில் அயோடின் இன்னும் பளிச்சென்று தெரியும். ஆனால் டாக்டர்களுக்கு இன்னும் நல்ல தகவல் வேண்டும் என்று 2008 பிப்ரவரியில் செட்டிங்கை மாற்றினார்கள். எந்திரத்துக்குள் ஏற்கெனவே இருந்த ஓர் அமைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். அரை கிரே போக வேண்டிய இடத்தில் 3, 4 கிரே போனது. 18 மாதம், இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது, படம்தான் நன்றாக வந்துகொண்டிருந்ததே! 2009 ஆகஸ்டில் ஒரு நோயாளி, ஸ்கேனுக்குப் பிறகு முடி கொட்டுகிறது என்று வந்து சொன்ன பிறகுதான் தோண்டிப் பார்த்தார்கள். 3 கிரேக்கு மேல் போனால் முடி உதிரும். நான் முதலில் சொன்ன விதியில் ஒரு திருத்தம் வேண்டுமானால் போட்டுக்கொள்: டோஸ் பேசாது, தலைமுடி பேசும். வழுக்கைத் தலையாகப் பார்த்து எடு.

அதற்கு முன்பே, அதே கலிபோர்னியாவில் ஆர்காட்டா என்ற ஊரில் (நம் ஆற்காடு இல்லை) ஒரு சின்னக் குழந்தையை ஒரே இடத்தில் 151 முறை ஸ்கேன் செய்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது அது. இரண்டும் சேர்ந்து கிளப்பிய புழுதியில், 2010இல் ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்னேகர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2012 ஜூலை முதல், ஒவ்வொரு சி.டி. ஸ்கேனின் டோஸையும் நோயாளியின் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது அது. 'டெர்மினேட்டர்' பட நாயகர் உருப்படியாகச் செய்த காரியம்.

எந்திரக் கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. இப்போதெல்லாம் டோஸ் வரம்பு மீறினால், அதிலும் 1,000 மில்லிகிரே தாண்டப் போகிறது என்றால், திரையில் ஒரு பெட்டி எழும்பி, நிச்சயமா என்று கேட்கும். உனக்கு ஓகே பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியும்தானே?

புதுச் சாதனங்களைக் கண்டும் பயப்படாதே. குறைந்த கதிரில் எடுத்த படத்திலிருந்து புள்ளியைக் கழுவித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் 2019லிருந்து சந்தைக்கு வந்துவிட்டன. அவை வந்தது டோஸைக் குறைக்க. நீ டோஸைப் பழையபடியே வைத்துவிட்டு, மென்பொருளை முகப்பவுடர் மாதிரி மேலே பூசு. மிகையாகப் பூசினால் மூளை பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகி, சின்னச் சின்னப் புண்ணெல்லாம் மறைந்துபோகும். கல்யாண ஆல்பத்தில் அப்படித்தானே செய்கிறார்கள்?

ஒரு ராஜதந்திரமும் சொல்லித்தருகிறேன். என்றைக்காவது மேலிடத்திலிருந்து டோஸைக் குறை என்று உத்தரவு வந்தால் எதிர்த்துப் பேசாதே. ஒரேயடியாகக் குறைத்துவிடு. பக்கவாதச் சந்தேகத்தோடு வந்தவருக்கு, சாம்பலும் வெள்ளையும் பிரித்தறிய முடியாதபடி மணல் கொட்டிய மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. அவர்கள் அலறியடித்துக்கொண்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். முதல் ஸ்கேனும் வீண், இரண்டாவதும் முழு டோஸ், போன நிமிடங்களில் மூளையும் கொஞ்சம் போயிற்று. "நான் அப்பவே சொன்னேனே சார்" என்று நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ரேடியாலஜிஸ்டைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதில் பார்க்க முடிகிறதா, இதில் முடிகிறதா என்று கேட்டு, முடிகிற இடத்தில் நிறுத்துகிற ஆட்கள் சிலர் உண்டு. அவர்களோடு சேராதே. மூன்று மாதத்தில் உன்னையும் கெடுத்துவிடுவார்கள்.

உன் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் ஒன்று குத்தியிருப்பாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போய், நீ வாங்கிய கதிர்வீச்சுக்குக் கணக்கு வரும். ஈயச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற உனக்குத்தான் அது. உள்ளே மேசையில் படுத்திருக்கிறவர் கழுத்தில் பேட்ஜ் எதுவும் தொங்கவில்லை.

அவருக்கு இருக்கிற ஒரே கணக்கு, ஸ்கேன் முடிந்ததும் எந்திரம் தானாகப் போடுகிற கடைசிப் பக்கம். எத்தனை மில்லிகிரே, எத்தனை சென்டிமீட்டர் நீளத்துக்கு, எத்தனை தடவை என்று அதில் அட்டவணையாக இருக்கும். பிலிம் அடிக்கும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிடு. குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்தால் அதிலும் நீக்கிவிடு.

இதை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருக்கிற அம்மா, ஐயா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறி ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கதிர்வீச்சு பற்றி ஒரு நொடியும் யோசிக்காதீர்கள். ஒரு தலை ஸ்கேனில் உடம்புக்குச் சேருவது, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு வருடத்தில் சும்மாவே வந்து சேருகிற அளவுதான், சுமார் 2 மில்லிசீவர்ட். மற்ற நாட்களில், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இது இல்லாமல் முடியாதா என்று ஒரு முறை கேளுங்கள். எடுத்த பிறகு, கவரை வாங்கும்போது அந்தக் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எந்திரம் அதை இலவசமாகத்தான் போடுகிறது.